பம்புப் பாட்டும் ஒரு ரப்பர் பேண்டும்

எட்டு வீட்டுப் பிள்ளைகளே, இப்போது எட்டு ஊர்களில் மாமா மாமிகளாகிவிட்டவர்களே, சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் பம்புப் பாட்டு வந்து விழுந்ததிலிருந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவர், "இந்த மாதிரி சங்கீதம் இனிமேல் யார் செய்வார்கள்?" என்று உருகுகிறார். இன்னொருவர், "அப்பவும் தலைவலி, இப்பவும் தலைவலி" என்கிறார். மூன்றாவது ஆள் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். அவர் சின்ன வயதிலும் அப்படித்தான், எந்தக் கட்சியிலும் சேரமாட்டார். முட்டிவலித் தைலத்தின் பெயரைப் பரிமாறிக்கொள்ள வேண்டிய வயதில் நமக்கு இந்த வீம்பு. இந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தது என்பதே உங்களில் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது என்று தெரிகிறது. எனக்கு மறக்காது. பம்பு அடித்தவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. எனக்குப் பதினொரு வயது. மயிலாப்பூர் குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நம் கட்டடம். எட்டு வீடு, கொல்லையில் ஒரே ஒரு அடிபம்பு. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வராத நேரத்தில் அடித்தால் 'கர்க்... டக்' என்று வறட்டு இருமல் மாதிரி சத்தம் கேட்கும். தண்ணீர் ஏறிவிட்டால் அதுவே 'களுக்... தொப்' என்று மாறும். அந்த மாற்றத்தை முதலில் கேட்பவள் எப்போதும் என் அம்மாதான். இரண்டாம் மாடியில், குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் அவளுக்குக் கேட்டுவிடும். உடனே அடுக்களை ஜன்னலிலிருந்து ஒரு கத்தல் வரும். "தண்ணி வந்துடுத்து! குடத்தை வைடி, குடத்தை வை!" சொன்னது என்னைத்தான். ஆனால் எட்டு வீட்டுக் குடங்களும் அந்தக் குரலுக்குத்தான் கீழே இறங்கும்.

மூன்றாம் மாடியில், எட்டு வீட்டுக் கணக்கில் சேராத ஒற்றை அறையில், தனியாக இருந்தவர் மாடி மாமா. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடியவர். கத்திரி வெயிலிலும் பாடும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார். வீட்டு அழைப்பு மணி அபஸ்வரமாக இருக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு ஒரு மாட்டு மணியைக் கட்டியிருந்தார். பாட்டு வரிகளை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் சாக்பீஸால் எழுதுவார். மழை வந்து அழித்துவிட்டால், "அது வேண்டாத பாட்டு" என்று அத்தோடு விட்டுவிடுவார். எல்லாவற்றையும்விட விசித்திரம், தன் குரல் பதிவான கேசட்டை ஒருநாளும் கேட்கமாட்டார். யாராவது போட்டால் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு படியேறிப் போய்விடுவார். "பாடறவன் வேற, கேக்கறவன் வேற. ரெண்டும் ஒரே ஆளா இருந்தா கர்வம் வந்துடும்" என்பது அவர் கட்சி.

அவருடைய முதல் கேசட் அம்பாள் பாட்டுகள். உங்களுக்கு நினைவிருக்கும், முந்தின வருஷம் ஆடி மாதம் முழுக்க அது நம் தெருவில் ஒலித்தது. பூக்கடைகளில்கூடக் கேட்டது. லஸ் முனையில் யாராவது அவரைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நமஸ்காரம் செய்வார்கள். அடுத்த கேசட் முருகன் மேலா, பிள்ளையார் மேலா என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த சமயத்தில்தான் அவர் ஒரு நாள் காலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "உங்காத்து மெத்தையைக் கொஞ்சம் தருவேளா?" என்று கேட்டார்.

எங்கள் மெத்தை மட்டுமில்லை, எட்டு வீட்டு மெத்தைகளையும் கேட்டு வாங்கிவிட்டார். கொல்லையில் துணி உலர்த்தும் கயிறுகளில் அவற்றைத் தொங்கவிட்டு, பம்பைச் சுற்றி ஓர் அறை கட்டினார். காக்காய்ச் சத்தமும் ஆட்டோச் சத்தமும் உள்ளே வராமல் இருப்பதற்காம். அவருடைய சிநேகிதர் அடையாறு மாமா, கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர், பெரிய பதிவு இயந்திரம் ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். மிருதங்கம் கிடையாது, வயலின் கிடையாது. "குழந்தே, நீ பம்பை அடி. எப்பவும் அடிக்கற மாதிரியே அடி. எனக்காக வேகத்தை மாத்தாதே" என்றார் மாடி மாமா.

இலவம்பஞ்சு மெத்தைகளுக்கு நடுவே, மே மாதத்தில், காலை பதினோரு மணி. ஸ்வெட்டர் போட்ட ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். ஒவ்வொரு மெத்தைக்கும் ஒரு வாசனை இருந்தது. ஒன்றில் தைலம், ஒன்றில் பால் பவுடர், எங்கள் மெத்தையில் என் தம்பி செய்த காரியங்கள். நான் அடித்தேன், கர்க் டக், கர்க் டக். அவர் பாடினார்:

குழாய்க்கடியில் யாரோ தூங்கறா,
மெதுவா எழுப்பு, மெதுவா எழுப்பு.

இப்படியே ஏழெட்டு நிமிஷம் போனது. திடீரென்று என் கைக்குக் கைப்பிடி கனத்தது. களுக் என்றது பம்பு. என்ன செய்வதென்று தெரியாமல் நிறுத்திவிட்டேன். மாமாவும் நிறுத்திவிட்டார். அந்த மௌனத்தில், அத்தனை மெத்தைகளையும் துளைத்துக்கொண்டு, இரண்டாம் மாடியிலிருந்து வந்தது: "தண்ணி வந்துடுத்து! குடத்தை வைடி, குடத்தை வை!"

அப்புறம் மெத்தைகளை விலக்கிக்கொண்டு எல்லோரும் குடத்தோடு நுழைந்தது, அடையாறு மாமா இயந்திரத்தைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றியது எல்லாம் உங்களுக்கே தெரியும், நீங்களும் குடம் தூக்கினீர்கள். யாரும் கவனிக்காதது ஒன்று உண்டு. மாடி மாமா கண்ணைத் திறக்காமல், தண்ணீர் விழும் சத்தத்தோடு பாட்டைத் தொடர்ந்து பாடி முடித்தார். பிறகு அடையாறு மாமாவிடம், "ஒண்ணையும் வெட்டாதே" என்றார்.

ஆடி மாதக் கடைசியில் அடையாறு மாமா பன்னிரண்டே பன்னிரண்டு கேசட் போட்டுக் கொடுத்தார். பெரும்பாலானவை அடையாறுக்கும் பெசன்ட் நகருக்கும் போயின. தி.நகரில் இருந்த மாடி மாமாவின் தங்கை வீட்டுக்கு ஒன்று. பம்பு அடித்ததற்கு மரியாதையாக எங்கள் வீட்டுக்கு ஒன்று. மற்ற ஏழு வீட்டுக்கும் கிடையாது. அங்கேதான் என் அப்பா உள்ளே வருகிறார்.

அப்பா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். நாள் முழுக்க நட்டும் போல்ட்டுமாகப் புழங்கியதில் தான் முக்கால் இன்ஜினியர் என்று அவருக்கு எண்ணம். வீட்டில் எது கெட்டுப்போனாலும் மெக்கானிக்கைக் கூப்பிடவிடமாட்டார். கோடையின் ஆரம்பத்தில் எங்கள் டேப்ரெக்கார்டரின் உள்ளே இருந்த பெல்ட் அறுந்துபோனது. அப்பா அதைத் திறந்து, பெல்ட்டுக்குப் பதிலாக, மருந்துக் கடைப் பொட்டலத்தில் சுற்றி வந்த ஒரு தடித்த ரப்பர் பேண்டைப் போட்டுப் பின்மூடியைத் திருகிவிட்டார். ஓடியது. "கடைக்காரன்கிட்ட போயிருந்தா ஒரு வாரம் வெச்சுண்டிருப்பான்" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு சினிமாப் பாட்டுகள் எல்லாம் சோம்பல் முறித்தன. நான் சொன்னேன். "பழைய டேப்புடி. இழுத்துடுத்து" என்றார். முக்கால் இன்ஜினியர் சொன்னால் பதினொரு வயது என்ன பேசும்?

ஏழு வீட்டுக்கும் பிரதி எடுக்கும் வேலையை அப்பா தானாக முன்வந்து ஏற்றுக்கொண்டார். கீழ் வீட்டுப் பாட்டு மாமியிடமிருந்து டூ-இன்-ஒன் இரவல் வந்தது. எங்கள் இயந்திரம் பாடும், அது பதிவு செய்யும். இரண்டையும் கட்டிலில் எதிரெதிரே உட்கார வைத்து, மின்விசிறியை நிறுத்தி, அம்மாவைத் தாளிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டு, ஏழு நாள் ஏழு பிரதி. ஆளுக்கொரு பழைய கேசட் கொடுத்தார்கள். பதிவு அழியாமலிருக்க மேலே உடைத்திருந்த ஓட்டையில் காகிதம் ஒட்டி, இருந்ததன் மேலேயே பதிவு செய்தோம். பாட்டு மாமி தன் ராமாயண உபன்யாசக் கேசட் ஒன்றையே தியாகம் செய்தாள்.

பிரதி போய்ச் சேர்ந்த அன்றே வீடு இரண்டுபட்டது. அம்பாள் பாட்டுக்கு உருகியவர்கள் பம்புப் பாட்டைக் கேட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். "இழவு வீடு மாதிரி இருக்கே" என்றார் முதல் மாடித் தாத்தா. பம்புச் சத்தம் எமன் படியேறி வருவது போல இருக்கிறதாம். அடையாறிலிருந்து வந்த சேதியோ நேர்மாறாக இருந்தது. குழந்தை மாதிரி துள்ளும் பாட்டு, கேட்டால் சிரிப்பு வருகிறது என்று அங்கே சொன்னார்களாம். "அடையாறுக்காராளுக்கு எதைக் கேட்டாலும் சிரிப்புதான், குழாயைத் திறந்தா தண்ணி கொட்டறதோன்னோ" என்றார்கள் நம்மவர்கள்.

தெருவில் மரத்தடியில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர் மட்டும் முழு மனதோடு ஆதரித்தார். எங்கள் ஜன்னல் வழியே தினமும் கேட்டவர் அவர். "இன்னாமா சோக்கா கீது பாட்டு! அப்டியே இஸ்த்துக்கினு போவுது. பொட்டி தானா ஓடுது" என்றார். அந்த மாதம் நம் சட்டைகள் எல்லாம் எவ்வளவு மடிப்புக் கலையாமல் வந்தன என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள்.

தீர்ப்பு சொன்னவள் பாட்டு மாமி. நாற்பது வருஷமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள், சுருதி விஷயத்தில் நம் தெருவே அவளைத்தான் கேட்கும். "பாட்டு கிடக்கட்டும். பள்ளியெழுச்சி பாடின வாய் பம்பை எழுப்பறது, அது அவர் இஷ்டம். ஆனா குரலைக் கேட்டேளா? ரெண்டு கட்டை சுருதியில பாடிண்டிருந்த மனுஷன், இப்போ ஒரு கட்டைக்கு இறங்கிட்டார். குரல் போயிடுத்து." யாரோ அவள் இயந்திரத்தில் கோளாறாக இருக்கலாம் என்றார்கள். "அதே கேசட்ல கடைசியில உபன்யாசக்காரர் மிச்சம் இருக்காரே, அவர் குரல் கிண்ணுனு அப்படியேதானே இருக்கு?" என்றாள்.

அவளை வில்லி என்று நாம் எல்லோரும் கொல்லையில் கூடிப் பேசினோம். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த மூட்டுவலிக்காரி தினமும் மூன்று மாடி ஏறி, சித்தரத்தைக் கஷாயம் கொண்டுபோய் அவருக்குக் கொடுத்தாள். அவளைப் பார்த்து மற்ற வீடுகளும் ஆரம்பித்தன. ஒருவர் பனங்கற்கண்டுப் பால், ஒருவர் மிளகு ரசம், ஒருவர் உப்பு வெந்நீர். மாடி மாமா எல்லாவற்றையும் வாங்கிக் குடித்தார். தன் குரலைத் தானே கேட்பதில்லை என்ற விரதக்காரர் அவர். எட்டு வீடும் சேர்ந்து தொண்டைக்கு மருந்து கொண்டுவந்தால் என்ன நினைப்பார்? நம்பிவிட்டார். அடையாறு மாமா, "உன் குரலுக்கு ஒண்ணும் ஆகலைடா" என்று சத்தியம் செய்தும், சிநேகிதன் முகத்துக்காகச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார்.

பாட்டு நின்றது. தண்ணீர்த் தொட்டியில் சாக்பீஸ் எழுத்து இல்லை. வருஷா வருஷம் விஜயதசமி சாயங்காலம் மொட்டை மாடியில் பாடுவாரே, அதுவும் இந்த வருஷம் இல்லை என்று சொல்லிவிட்டார். பழைய ஆபீசில் மறுபடி ஏதாவது வேலை கிடைக்குமா என்று விசாரிக்கிறார், தை பிறந்ததும் தி.நகர் தங்கை வீட்டோடு போய்விடுவார் என்று பேச்சு அடிபட்டது.

எங்கள் வீட்டிலும் ஒரு குரல் நின்றுபோனது. அது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பாட்டின் நடுவே வரும் அம்மாவின் கத்தல் எங்கள் டேப்ரெக்கார்டரிலும் அந்த ஏழு பிரதிகளிலும் எப்படிக் கேட்டது என்று ஞாபகம் இருக்கிறதா? ஜலதோஷம் பிடித்த தடியன் ஒருவன் கத்துவது போல. முதல் மாடித் தாத்தா படியில் என்னை நிறுத்தி, "உங்காத்துல யாருடி அந்த ஆம்பளை?" என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். அம்மா பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அம்மா கத்தவில்லை. தண்ணீர் வந்தால் மூச்சு வாங்கக் கீழே இறங்கி வந்து, காதோடு சொல்லிவிட்டுப் போனாள். என்னைத் திட்டுவதுகூட மெல்லிய குரலில்தான். முதல் வாரம் எனக்கும் தம்பிக்கும் கொண்டாட்டமாக இருந்தது. இரண்டாவது வாரம் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாதது போலத் தோன்ற ஆரம்பித்தது. ஒருநாள் அப்பா, "ஏண்டி, தொண்டை கட்டிண்டிருக்கா?" என்று கேட்டார். "என் குரல் இத்தனை கர்ணகடூரமா இருக்கும்னு எனக்கே தெரியாது. இத்தனை வருஷமா எல்லாரும் எப்படிப் பொறுத்துண்டேளோ" என்றாள் அம்மா. அப்பா பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

நவராத்திரி எட்டாம் நாள், தி.நகரில் மாடி மாமாவின் தங்கை வீட்டுக் கொலுவுக்கு அம்மாவும் நானும் போனோம். பாண்டி பஜார் நெரிசலில் என் பட்டுப் பாவாடையில் ஒரு மிதி. கொலுவில் ஒன்பது படி, கடலைச் சுண்டல், வரிசையாக மாமிகள். அண்ணா பாட்டில் அந்த அம்மாளுக்குப் பெருமை அதிகம், அதனால் கொலுவுக்குப் பக்கத்தில் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. பம்புப் பாட்டு ஆரம்பித்ததும் அம்மா, "இதோ வந்துடறேன்" என்று அடுக்களைப் பக்கம் எழுந்து போய்விட்டாள். தன் கத்தல் வருவதற்குள் அங்கிருந்து போய்விட வேண்டும் அவளுக்கு.

நான் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு கேட்டேன். ஏதோ சரியில்லை. பம்பு வேகமாக ஓடியது. இல்லை, வேகமில்லை, அதுதான் நான் அடிக்கிற வேகம். என் கைக்கு அது தெரிந்தது. மாடி மாமா துள்ளித் துள்ளிப் பாடினார், பழைய மாடி மாமா. பம்பு நின்றது. மௌனம் வந்தது. அப்புறம்: "தண்ணி வந்துடுத்து! குடத்தை வைடி, குடத்தை வை!"

அம்மா. சாட்சாத் என் அம்மாவே. கொலு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு மாமி, "யாரு இது, கணீர்னு வெண்கல மணி மாதிரி?" என்று கேட்டாள். எனக்குச் சுண்டல் புரையேறியது.

பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். "போடி, உனக்கு எல்லாமே வேடிக்கை" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். நம் டேப்ரெக்கார்டர்தான் மெதுவாக ஓடுகிறது, மாமா குரல் போகவில்லை, ரப்பர் பேண்டுதான் காரணம் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. "மெஷினைப் பத்தி எனக்கே சொல்லித்தர ஆரம்பிச்சுட்டியா? போய்ப் படி" என்றார். எனக்கு அழுகை வந்தது. எட்டு வீட்டு முன்னால் தன் ரிப்பேர் தப்பு என்று அப்பா ஒப்புக்கொள்ளவே மாட்டார், மாடி மாமா காலி செய்துகொண்டு போய்விடுவார், அம்மா கடைசிவரை கிசுகிசுத்துக்கொண்டே இருப்பாள் என்று அப்போது முடிவு கட்டினேன்.

மறுநாள் ஆயுத பூஜை. அப்பாவின் ஸ்க்ரூ டிரைவர், இடுக்கி, என் புத்தகங்கள், அம்மாவின் அருவாமணை, இவற்றோடு டேப்ரெக்கார்டரும் மணையில் ஏறியது. நெற்றியில் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் கதம்பம். அன்று முழுக்க அதைத் தொடக் கூடாது. அப்பா எதிரே ஈஸிசேரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வடையைக்கூட மிச்சம் வைத்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "ஏண்டி, அந்தக் கேசட்ல ஒரு பக்கம் எத்தனை நிமிஷம்?" என்றார். முப்பது என்றேன். "ம்" என்றார்.

விஜயதசமி காலை, புனர்பூஜை முடிந்து கற்பூரம் அணைந்ததும், நான் ஒரு பக்கம் படித்தேன், தம்பி அரிசியில் 'அ' எழுதினான். அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டு கேசட்டைப் போட்டார். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அசையவில்லை. 'டக்' என்று நின்றபோது கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்துநான்கு நிமிஷம். பின்மூடியைத் திருகித் திறந்தார். ரப்பர் பேண்டு தளர்ந்து, வெடித்து, பழைய சேமியா மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா இயந்திரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டார். சந்தனப் பொட்டும் கதம்பமும் அப்படியே இருந்தன. சட்டை போட்டுக்கொள்ளவும் மறந்துபோய், வேட்டியோடு, நேரே மூன்றாம் மாடிக்கு ஏறினார். போகிற வழியில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "மேல வாங்கோ, ஒரு நிமிஷம்" என்றார். நான் தப்புக் கணக்குப் போட்ட மனுஷர்.

விஜயதசமிக்காக அடையாறு மாமா வந்திருந்தார். தன்னுடைய சின்ன டேப்ரெக்கார்டரும் மூலக் கேசட்டுமாக, எப்படியாவது நண்பனைக் கேட்க வைத்துவிடுவது என்ற எண்ணம். மாடி மாமா காதில் விரலோடு உட்கார்ந்திருந்தார். அப்பா மாட்டு மணியைக்கூட அடிக்கவில்லை, உள்ளே போய் நின்றார்.

"சார், இன்னிக்கு ஒரு நாள் காதைத் திறங்கோ. உங்க குரலுக்கு ஒண்ணுமில்லை. கெடுத்தது நான்தான்."

மாடி மாமா விரலை எடுத்தார். முதலில் அடையாறு மாமாவின் இயந்திரத்தில் இரண்டு வரி. அடுத்து எங்களுடையதில் அதே இரண்டு வரி. அப்பா பின்மூடியைத் திறந்து ரப்பர் பேண்டை எல்லோருக்கும் காட்டினார். முதலில் பேசியவள் பாட்டு மாமி.

"அப்போ நான் கேட்டது ஒரு கட்டைதானே?"

"சாட்சாத் ஒரு கட்டைதான், மாமி" என்றார் அடையாறு மாமா.

"அப்படிச் சொல்லுங்கோ! என் காது தப்பில்லை. மெஷின்தான் தப்பு" என்று அவள் சுற்றியிருந்த எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். கஷாயம் குடிக்கவைத்ததற்கு அவள் வருத்தம் தெரிவிக்கவில்லை, கஷாயம் எப்போதும் நல்லதுதானே.

மாடி மாமா சிரிக்க ஆரம்பித்தார். ஸ்வெட்டருக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பால் மட்டும் வந்ததல்ல என்பது எனக்கே அப்போது புரிந்தது. "அந்த ரப்பர் பேண்டைக் கொஞ்சம் கொடுங்கோ, பார்க்கறேன்" என்று வாங்கி, நீட்டிப் பார்த்தார். அது அறுந்துபோனது.

அடையாறு மாமா பாட்டைத் தொடரவிட்டிருந்தார். பம்பு நின்றது. வாசற்படியில், கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்ற அம்மா நகர ஆரம்பித்தாள். நான் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய குரல் அறையெல்லாம் நிறைந்தது, கணீரென்று. அம்மா அப்படியே நின்றாள். "இது யாரு?" என்றாள். "நீதாம்மா" என்றேன். அவள் கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

சாயங்காலம் மொட்டை மாடியில் பாய் விரித்தார்கள். பம்பைப் பிடுங்கி மேலே கொண்டுவர முடியாதே, அதனால் நான் கொல்லையில் அடிப்பது, அவர் மாடியிலிருந்து பாடுவது என்று ஏற்பாடு. வேகத்தை மாற்றாதே என்று மறுபடி சொன்னார். இருட்டுவதற்கு முன் நான் கீழே அடித்துக்கொண்டிருந்தேன், மேலேயிருந்து பாட்டு இறங்கி வந்தது. அந்த இடம் வந்ததும் நான் நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார்.

மேலே என்ன நடந்தது என்று அப்புறம் சொன்னீர்கள். மாடி மாமா பாடுவதை நிறுத்திவிட்டு, கூட்டத்தில் அம்மாவைத் தேடிப் பார்த்தாராம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று தலையசைத்தாளாம். அவர் காத்துக்கொண்டே நின்றாராம். கீழே நான் கைப்பிடியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கைப்பிடிச் சுவருக்கு மேல் அம்மாவின் தலை தெரிந்தது.

"தண்ணி வந்துடுத்து! குடத்தை வைடி, குடத்தை வை!"

இரண்டு மாதம் அடைத்து வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துக் கத்தினாள். குளத்துப் புறாக்கள் எழும்பின என்று அப்பா பிற்பாடு சொல்லுவார், அது கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் பக்கத்துக் கட்டடத்திலிருந்து இரண்டு பேர் நிஜமாகவே குடத்தோடு ஓடி வந்தார்கள். அவர்களை நான் பார்த்தேன்.

இதனால் எல்லோருக்கும் பாட்டுப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முதல் மாடித் தாத்தா, "வேகமாப் போனாலும் எமன் எமன்தான்" என்றார். பாட்டு மாமி, "குரலுக்கு நூறு மார்க், பாட்டுக்கு முட்டை" என்றாள். அப்பா ரிச்சி தெருவுக்குப் போய், தன் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கடைக்காரரிடம் யோசனை கேட்டு, சரியான பெல்ட் வாங்கிப் போட்டார். மறுநாளே இஸ்திரிக்காரர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். "இன்னா சார், பாட்டு இந்த ஓட்டம் ஓடுது? பொட்டி சட்டைய கருக்கிடும் போல கீது. பழைய மாரி உடு சார்" என்றார். கடைசியில் முதல் மாடித் தாத்தா தன்னுடைய மெதுப் பிரதியை அவருக்குக் கொடுத்துவிட்டார். இருவருமே லாபம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்கும் பாட்டுப் பிடிக்கவில்லை. "குரல் என்னோடதுதான், ஒத்துக்கறேன். ஆனா இடுப்பொடிய அடிக்கறவாளுக்கு அது பாட்டாத் தெரியாது. அவர் ஒரு நாள் எட்டுக் குடம் அடிச்சுட்டு எழுதட்டும்" என்றாள். இது மாடி மாமாவின் காதுக்குப் போனது. மறுநாள் விடியற்காலையில் அவர் ஸ்வெட்டரோடு கொல்லைக்கு வந்து, எங்கள் வீட்டுக் குடங்களை வரிசையாக வைத்து அடித்தார். மூன்றாவது குடத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினார். ஐந்தாவதில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் தண்ணீரைப் பற்றிப் பாட்டு எழுதவில்லை. தி.நகருக்கும் போகவில்லை, நம் மாடியிலேயே இருந்து, நமக்குப் பிடித்ததும் பிடிக்காததுமாக இன்னும் பதினைந்து வருஷம் பாடினார்.

ஆகையால் சண்டைக்காரர்களே, உங்களில் யார் கேட்டது எந்த வேகம் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் யார் குடம் தூக்கினீர்கள், யார் தூக்கவில்லை என்பதையும். நான் எந்தக் கட்சி என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கேசட்டை என்றைக்கோ பூஞ்சை தின்றுவிட்டது. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் போட்டோக்கள் நிறைய இருக்கின்றன, குரல் எங்கேயும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழுவில் வந்தது அடையாறு மாமாவின் மூலக் கேசட், அவர் பேரன் கணினியில் ஏற்றியது. சரியான வேகம். போன வெள்ளிக்கிழமை மத்தியானம், நாற்காலியில் சாய்ந்து, முட்டிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு கேட்டேன். கர்க் டக், கர்க் டக் என்று ஒரு பதினொரு வயதுப் பெண் அடித்துக்கொண்டிருந்தாள். பம்பு நின்றது. வரப்போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், போட்டதே அதற்காகத்தானே.

"குடத்தை வைடி" என்று அம்மா கத்தியதும், வெந்நீர்ப் பை ஒரு பக்கம் விழ, நான் எழுந்து அடுக்களை வரைக்கும் ஓடியிருந்தேன்.